உறைமோர்

தாணுலிங்கம் கடைசியாக வீட்டில் பேசியது தயிரைப் பற்றி. பழைய சோற்றில் கெட்டித் தயிரைப் பிசைந்து, நார்த்தங்காயைக் கடித்துக்கொண்டே, "ஏட்டி வடிவு, இது நம்ம வீட்டுத் தயிரா, கல்யாண வீட்டுல வாங்கினதா? கத்தி வச்சு வெட்டலாம் போல இருக்கே" என்றான்.

"உங்க கம்பெனி மோருதான். போன வாரம் பாதி பாக்கெட்டை வச்சிட்டுப் போனியல்லா? கொட்ட மனசில்லாம பால்ல விட்டேன். அந்த உறைதான் ஓடுது."

"பரவால்லியே. கம்பெனிக்காரன் உருப்படியா ஒரு காரியம் செஞ்சிருக்கான்."

தட்டில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துத் தின்றான். பிறகு வண்டியை உதைத்துக் கணவாய்ப் பக்கம் போனான். வடிவு தட்டைக் கழுவப் போட்டாள்.

கம்பெனி அந்த நீலப் பாக்கெட் மோரைச் சித்திரை மாதத்திலிருந்துதான் கொடுத்து வந்தது, காத்தாடி ஏறுகிறவர்களுக்கு மட்டும். கணவாயில் மின்சாரத்துக்காக நிற்கும் காத்தாடிகள் பெரிய கோயில் கோபுரத்தைவிட உயரம். உள்ளே குழாய்க்குள் ஏணி, உச்சியில் லாரி அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி. அதன் முதுகில் ஏறி நின்று செய்யவேண்டிய வேலைகள் சில உண்டு. புதிதாக வருகிறவர்கள் பாதி ஏணியிலேயே கம்பியைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அவர்களை இறக்குவதற்கு இன்னும் இரண்டு பேர் ஏறவேண்டும். "பயத்துலதான் கை நடுங்குது. நடுங்குற கைதான் வழுக்குது. இது சத்து மோர், நடுக்கத்தை நிப்பாட்டும்" என்று மேனேஜர் பிரதீப் கூட்டம் போட்டுச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. நடுக்கம் நின்றுதான் போனது.

தாணுவின் இடுப்பு வாரில் இரண்டு கொக்கிகள் தொங்கும். ஒன்றைக் கழற்றவேண்டுமானால் மற்றது மாட்டியிருக்கவேண்டும். எத்தனையோ வருடம் அவன் கை அதைத் தானாகச் செய்தது. அன்று செய்யவில்லை.

உடன் ஏறியிருந்த ஜெபகுமார் வந்து சொன்னான். "பெட்டி மேல உக்காந்து காலை ஆட்டிகிட்டு இருந்தாவ மைனி. ரெண்டு கொக்கியும் மடியில கெடக்கு. அண்ணே மாட்டுங்கன்னேன். 'எதுக்குலே?'ன்னாவ. கேலியா கேக்கல மைனி. நெசமாவே எதுக்குன்னு தெரியாத மாதிரிக் கேட்டாவ." அதற்குள் காற்று ஒருமுறை சுழன்றடித்திருக்கிறது. அவ்வளவுதான்.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது. இருக்கிற பால், தயிர், உறைமோர் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். அடுத்த வீட்டு லில்லிபாய் அந்த வேலைக்காக அடுக்களைக்குள் போனபோது வடிவு எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அதை ஊத்தாத."

"ஏட்டி, சாவு வீட்டு உறைட்டி. வைக்கக் கூடாது."

"அவரு நல்லாருக்குன்னு சொன்ன தயிரு லில்லி. ஒன் வீட்டுல கொண்டுபோய் ஒரு சட்டியில ஊத்தி வை. நான் அடுப்பு மூட்டினப்புறம் வாங்கிக்கிடுதேன்."

லில்லிபாய் சட்டியை முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு போனாள். அவள் வீட்டுத் தயிரும் கத்தி வைத்து வெட்டும்படி உறைந்தது. எதிர்வீட்டுக்காரி ஒரு கரண்டி கேட்டாள். அவளிடம் அடுத்தவள் கேட்டாள். உறைமோருக்கு யாரும் இல்லையென்று சொல்லமாட்டார்கள். பதினாறாம் நாள் சடங்கு முடிவதற்குள் செண்பகப்பொத்தைத் தெரு முழுவதும் ஒரே தயிர்.

சடங்குக்குப் பிறகு கம்பெனி தன் விபத்து அறிக்கையை அனுப்பியது. ஜெபகுமார் வாசித்துக் காட்டினான். நீளமான அறிக்கை. வடிவின் காதில் ஒரு சொல்தான் நின்றது. இரண்டு கொக்கிகளையும் கழற்றியது தொழிலாளியின் அலட்சியம்.

"அலட்சியமா?" என்றாள். "செருப்பைக்கூட ஜோடி பிரியாமக் கழத்தி வைக்கிற மனுசன். அலட்சியமாம்லா."

மறுநாள் காலை ஒற்றையாகக் கிளம்பிக் கம்பெனி ஆபீசுக்குப் போனாள். காவலாளி மறித்தான். அவனைத் தாண்டி நடந்து, மேனேஜர் நாற்காலி காலியாயிருந்ததைப் பார்த்து அதில் உட்கார்ந்துகொண்டாள். பிரதீப் வந்தபோது எழுந்திருக்கவில்லை. "அந்த ஒரு சொல்லை எடுங்க. எடுத்தா எந்திரிக்கேன்."

"அம்மா, உங்களுக்கு வரவேண்டியதெல்லாம் வந்துரும். சொல்லுல என்ன இருக்கு?"

"அப்ப எடுத்திருங்களேன். சொல்லுல ஒண்ணுமில்லைன்னு நீங்கதான சொல்லுதிய."

போலீஸ்காரர் வந்துதான் அவளை எழுப்பவேண்டியிருந்தது. வீடு திரும்பும் வழியில் யோசித்தாள். பஸ்ஸில் கண்டக்டரிடம் மிச்சக் காசு கேட்கக்கூட வாய் வராதவள் அவள். நெஞ்சு ஒருமுறையாவது படபடத்ததா என்று தேடிப் பார்த்தாள். இல்லை. இன்னொன்றும் இல்லை: புருஷன் செத்து இத்தனை நாளாகியும் அழுகை வரவில்லை. கல்நெஞ்சக்காரி என்று ஊர் சொல்லுமோ என்று நினைத்தாள். அந்த நினைப்பும் அவளைப் பயமுறுத்தவில்லை.

தெருவே அப்படித்தான் ஆகியிருந்தது. பெண்கள் திரண்டுபோய்க் கம்பெனி ஜீப்பை மறித்தார்கள்; டிரைவர் இஞ்சினை உறுமவிட்டபோது ஒருத்திகூட நகரவில்லை. எதிர்வீட்டுக்காரி குடித்துவிட்டு வந்த புருஷனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். லில்லிபாய் பஞ்சாயத்துத் தலைவரின் வீட்டுக்கே போய், வராத குடிதண்ணீருக்கு வாங்கின வரியைப் பற்றி அவர் மாமியார் முன்னால் கேட்டுவிட்டு வந்தாள். அரசு ஒரு விசாரணை அதிகாரியை நியமித்தது அந்த மறியலுக்குப் பிறகுதான். வாழ்க்கையில் அந்தப் பெண்கள் அத்தனை சிரித்ததில்லை.

பிறகு லில்லிபாயின் விறகுக்குள் ஒரு விரியன் கிடந்தது. அவள் கம்பு தேடவில்லை, கத்தவில்லை. "நகரு சவமே" என்று கையால் தூக்கினாள்.

ஆஸ்பத்திரியில் வீங்கின கையோடு படுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டில்காரியிடம் கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் மெஹர்நிஷா அவளை வெகுநேரம் பார்த்தார். மதுரைக்காரர், ஒட்டுண்ணி நோய்களைப் படித்தவர். பாம்பு கடித்தவர்களில் சாகமாட்டோம் என்று தெரிந்த பிறகும் நடுங்குகிறவர்களைத்தான் அவர் பார்த்திருந்தார். விஷம் இறங்கின பிறகும் சோதனைக்கு இரத்தம் எடுத்தார்.

இரண்டு நாள் கழித்துத் தெருவுக்கே வந்துவிட்டார். வடிவு வீட்டு முற்றத்தில் பெண்கள் சுற்றி உட்கார, போனில் ஒரு படத்தைக் காட்டினார். நீலச் சாயத்தில் நகத்துணுக்குப் போல, பிறைபிறையாய்.

"இதுதான் லில்லிபாய் இரத்தத்துல இருக்கு. நீங்க செய்றதைப் பாத்தா உங்க எல்லாருக்கும் இருக்கும். பூச்சின்னு சொல்லலாம், ஆனா பூச்சியுமில்ல, புழுவுமில்ல. ஒரே ஒரு செல். அந்த ஒண்ணுக்குள்ளயே சாப்பாடு, நடை, குடும்பம் எல்லாத்தையும் முடிச்சுக்கும்."

"காலே இல்லியே டாக்டரம்மா, எப்படி நடக்கும்?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"வழுக்கிக்கிட்டே போகும், நத்தை மாதிரி. நம்ம செல்லுக்குப் பக்கத்துல வந்ததும் கூர்நுனியால திருகிக்கிட்டு உள்ள நுழைஞ்சிரும். உள்ள போய் ரெண்டாகும், நாலாகும், செல்லு வெடிக்கிற வரைக்கும் பெருகும். உடம்பு எதுத்துச் சண்டை போட்டா, ஒரு கூடு கட்டிக்கிட்டு மூளையில போய் அசையாம உக்காந்துக்கும்."

"சொத்துக்கு வந்த மருமவன் மாதிரி" என்றாள் லில்லிபாய். கை கட்டோடு இருந்தது.

டாக்டரும் சிரித்துவிட்டார். "இதோட சொந்தக்காரன் ஒருத்தன் எலிக்குள்ள இருக்கான். அவன் குட்டி போடணும்னா பூனை வயித்துக்குள்ள போயாகணும். அதனால எலிக்கு இருக்கிற பூனைப் பயத்தை அழிச்சிருவான். எலி தானா போய் பூனை முன்னாடி நிக்கும்."



"அப்ப நாங்க எலியா?" என்றாள் லில்லிபாய்.

"காத்தாடிதான் பூனை" என்றாள் வடிவு. அவள் கண் படத்திலேயே இருந்தது. "எதுக்குலேன்னு கேட்டாவளாம்."

டாக்டர் போனைக் கீழே வைத்துச் சொன்னார். "உங்க இரத்தத்துல இருக்கிறது காட்டுல இருக்கிற ஜாதி இல்ல. இதுக்குப் பூனையே வேண்டியதில்ல. கூட ஒரு தயிர்க் கிருமியும் இருந்துச்சு. பால்ல அதோட ஜோடியா வாழுற மாதிரி யாரோ பழக்கியிருக்காங்க. இந்தத் தெருவுல எல்லாரும் சாப்பிடுறது என்ன?"

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். வடிவு எழுந்து உள்ளே போய்ச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். கதை முழுவதையும் சொன்னாள்.

"அந்த நீலப் பாக்கெட் ஒண்ணாவது இருக்கா?"

இல்லை. பாம்புக் கதை ஆஸ்பத்திரியிலிருந்து பரவிய அன்றே கம்பெனி எல்லாப் பாக்கெட்டையும் திரும்ப எடுத்துக்கொண்டது. குப்பைத்தொட்டியைக்கூட விடவில்லை. வேறு கணவாய்களில் உள்ள கம்பெனிகள் அந்த மோரைக் கேட்டுக் காத்திருப்பதாகவும், விசாரணை முடிந்தால் மறுபடி வரும் என்றும் ஜெபகுமார் சொன்னான்.

"அப்படின்னா சாட்சி இந்தச் சட்டி ஒண்ணுதான்" என்றார் டாக்டர். "அந்தத் தயிர்க் கிருமிக்குள்ள, மாட்டுக்குச் சூடு போட்ட மாதிரி, செஞ்சவன் அடையாளம் இருக்கும். பால்ல வாழுதுன்னு காட்டணும்னா உயிரோட வேணும். ஆனா நான் எடுத்துக்கிட்டுப் போகக்கூடாது. நான்தான் கலந்தேன்னு சொல்லிருவாங்க. மத்த வீட்டுச் சட்டியெல்லாம் கொதிக்கவச்சுக் கொட்டிருங்க; இதை மட்டும் விசாரணை அதிகாரி கையால எடுக்கணும். அதுவரைக்கும் யாரும் இதைத் தின்னக்கூடாது. சாகவும் விடக்கூடாது."

விசாரணைக்குக் கூடிய முதல் நாளே கம்பெனி வக்கீல் எழுந்தார். மென்மையாகப் பேசுகிறவர். "ஐயா, இந்தப் பெண்கள் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா டாக்டரே சொல்றாங்க, இவங்க மூளையில நோய் இருக்கு, பயம் போயிருக்குன்னு. ஜீப்பை மறிச்சது யாரு? பாம்பைத் தூக்கினது யாரு? இப்ப சாட்சி சொல்லப்போறது இவங்களா, இவங்களுக்குள்ள இருக்கிற கிருமியா? முதல்ல வைத்தியம் நடக்கட்டும். குணமானதுக்கு அப்புறமும் சொல்ல வந்தாங்கன்னா, கேட்போம்."

அதிகாரி ஒப்புக்கொண்டார். சாட்சியும் சட்டியும் எல்லாம் அப்புறம்தான் என்று ஒரு மாதம் தள்ளிவைத்தார்.

வெளியே வந்ததும் லில்லிபாய் மண்ணில் துப்பினாள். "கெட்டிக்காரன்ட்டி. பயம் வந்தா வாயை மூடிருவோம்னு கணக்கு. மாத்திரையும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம். சொல்லிட்டு அப்புறம் திம்போம்."

"நாளைக்கு இன்னொரு பாம்பைத் தூக்குவ" என்றாள் வடிவு. "ஒனக்கு மூணு புள்ளை இருக்கு. மாத்திரையைத் தின்னு."

"அப்ப நீ?"

"நானும் திங்கேன். பாப்போம், எது மிஞ்சுதுன்னு."

மாத்திரைகள் கசந்தன. காட்டுச் சாதியாக இருந்தால் மூளையில் கட்டின கூட்டை உடைக்க மருந்தில்லை, வளர்ப்புச் சாதி என்பதால் சாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரத்தில் ஒரு மாலை, விசிலடித்த குக்கருக்கு வடிவு திடுக்கிட்டாள். கையிலிருந்த டம்ளர் விழுந்து உருண்டது. அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். நெஞ்சு அடித்துக்கொண்டது.

பிறகு எல்லாம் ஒன்றாக வந்தது. கதவு காற்றில் ஆடினால் பயம். அரிசி தீர்ந்தால் பயம். கணவாய்ப் பக்கமிருந்து காத்தாடி இறக்கைகளின் உஸ்ஸென்ற சத்தம் வரும்போது காதைப் பொத்திக்கொண்டாள். காலம் முழுவதும் இந்த வீட்டில் ஒற்றை ஆளாய் இருக்கவேண்டும் என்பது அதுவரை யாரோ சொன்ன செய்தி போலிருந்தது. இப்போது அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. தாணுவின் தட்டை எடுத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு அன்றுதான் அழுதாள். அவள் சத்தம் கேட்டு ஓடிவந்த லில்லிபாயும் உட்கார்ந்து அழுதாள். அவளுக்கும் இப்போது பாம்பு கனவில் வருகிறதாம்.

அந்த நாட்களிலும் மாலையானால் ஒரு வேலை இருந்தது. பால் காய்ச்சி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, பழைய சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் புதிய பாலில் விடவேண்டும். முன்பெல்லாம் பேச்சுவாக்கில் செய்த வேலை. இப்போது வாயில் துணி கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கையுறை மாட்டிக்கொண்டு செய்தாள். கரண்டிக்குள் வழுக்கிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான பிறைகளை அவளால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவளுடைய புருஷனுக்குள் போய்க் கூடுகட்டி உட்கார்ந்தவை. கொதிநீரை ஒரு செம்பு ஊற்றினால் எல்லாம் செத்துப்போகும். ஒவ்வொரு மாலையும் அந்த ஆசை வந்தது. ஒவ்வொரு மாலையும் அவற்றுக்குப் பால் வார்த்தாள்.

கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. நல்ல பேச்சு, நல்ல சட்டை. பெரிய தொகையாகச் சொன்னான். சட்டி இருக்கும் வீடு நோய் பரப்பும் வீடு, சுகாதாரத் துறைக்குத் தெரிந்தால் கைதுகூட நடக்கலாம் என்றும் சொன்னான். முந்தின மாதமென்றால் அவன் சட்டைக்காலரைப் பிடித்திருப்பாள். இப்போது கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்கா அக்கா?"

"ஆமா" என்றாள். கதவைச் சாத்தித் தாழ்போட்டாள்.

மறுவிசாரணை சமுதாயக் கூடத்தில். எத்தனை பேர் வருவார்கள் என்று வக்கீல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருப் பெண்கள் வந்தார்கள். எல்லாரும் வரவில்லை, வந்தவர்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். வடிவு மூடிபோட்டுக் கட்டிய சட்டியை மேசைமேல் வைத்தாள். மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பிரதீப் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

வக்கீல் எழுந்தார். "ஐயா, கம்பெனி கொடுத்தது வெறும் சத்து மோர். கிருமி பிறந்தது இந்த அம்மா வீட்டுச் சட்டியில. அதை இவங்களே தெருவுக்கெல்லாம் கொடுத்ததா ஒப்புக்கிட்டாங்க. தாணுலிங்கம் தின்னதும் இதே தயிரைத்தான். ரொம்ப வருத்தத்தோட சொல்றேன், கணவர் பயமில்லாமப் போனதுக்குக் காரணம் கம்பெனியில்ல. இவங்க போட்ட சோறு."

 இந்த வார்த்தையைத்தான் வடிவு இரவெல்லாம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருந்தாள். வேறொருவர் வாயில் கேட்டபோது மேசையைப் பிடித்துக்கொண்டாள். அவள் நடுக்கத்தில் மேசை நடுங்கி, சட்டி மூடி கிடுகிடுவென்று சத்தம்போட்டது. கூடம் முழுவதற்கும் அது கேட்டது.

"பயப்படாதீங்கம்மா" என்றார் வக்கீல், உண்மையான இரக்கத்தோடு. "உக்காருங்க."

"அப்படிச் சொல்லாதிய" என்றாள் வடிவு. குரல் கீச்சென்று வந்தது. "பயப்படாதன்னு சொல்லித்தான் அவரை ஏத்துனிய."

வக்கீல் உட்கார்ந்தார். வடிவு உட்காரவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு. இந்த மேசையைப் பாத்தாப் பயமா இருக்கு, ஒங்களப் பாத்தாப் பயமா இருக்கு. கைய விட்டா விழுந்திருவேன். அதான் பிடிச்சிருக்கேன். பயம் இருக்கிறவதான் பிடிப்பா. அவருக்கும் அது இருந்துச்சு. அதை அவருகிட்ட கேக்காம எடுத்தது யாரு? நான் உறை ஊத்தினேன். இல்லைங்கல. என் கையில அதைக் குடுத்தது யாரு? ரெண்டு கொக்கியையும் கழத்துனது அவரு அலட்சியம்னு எழுதியிருக்கிய. அந்தச் சொல்லு அவருக்குள்ளது இல்ல. யாருக்குள்ளதோ அவுக பேருக்கு நேரா எழுதுங்க."

பின்வரிசையிலிருந்து லில்லிபாய் அழுதுகொண்டே கத்தினாள்: "எனக்கும் பயமாத்தான் இருக்கு. எழுதிக்கிடுங்க!" வேறொருத்தியும் எழுந்தாள். பிறகு இன்னொருத்தி.

விசாரணை அதிகாரி அவர்களை அடக்கவில்லை. அவர் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டி மூடி கிடுகிடுத்தபோதெல்லாம் பிரதீப் இன்னும் கொஞ்சம் பின்னால் போயிருந்தார்; நாற்காலி இப்போது சுவரைத் தொட்டது. கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் பொத்தியிருந்தார்.

"மிஸ்டர் பிரதீப்" என்றார் அதிகாரி. "நீங்க எதுக்கு நகர்றீங்க?"

"இல்ல சார்... அந்தச் சட்டி..."

"வீட்டுச் சட்டியில பிறந்ததுன்னு உங்க வக்கீல் சொல்றாரு. அப்ப எந்த வீட்டுத் தயிர்லயும் பிறக்கலாம். காலையில தயிர் சாப்பிட்டுட்டு வந்திருப்பீங்க. இந்தச் சட்டிகிட்ட மட்டும் என்ன?"

பிரதீப் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தன் தாள்களைப் பார்த்தார். 

"மூடி சரியா கட்டலை சார்" என்றார் பிரதீப் கடைசியில், கைக்குட்டைக்குள்ளிருந்து. "காத்துல பட்டாலே... அது... எங்க லேப்ல நாங்க அப்படித் திறந்து வைக்கிறதில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது.

அதிகாரி தானே எழுந்துவந்து சட்டியை முத்திரையிட்டு வாங்கிக்கொண்டார். உள்ளே இருந்தவை உயிரோடு இருந்தன. டாக்டர் சொன்ன அடையாளமும் இருந்தது. மாதங்கள் ஆனாலும் ஆணை வந்தது: அந்த மோர் எந்தக் கணவாயிலும் கூடாது, தாணுலிங்கத்தின் பெயருக்கு எதிரே இருந்த சொல் நீக்கப்படுகிறது. கம்பெனி மேல்முறையீடு செய்திருக்கிறது. வடிவும் வக்கீல் வைத்திருக்கிறாள். மறுபடி கூப்பிட்டால் மறுபடி நடுங்கிக்கொண்டே போய் நிற்பாள்.

அவள் இப்போது விளக்கை அணைக்காமல்தான் தூங்குகிறாள். பாம்புக்குப் பயப்படுகிறாள், போலீசுக்குப் பயப்படுகிறாள், தபால்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூடத் திடுக்கிடுகிறாள். மறுவருடம் ஆடி பிறப்பதற்கு முன்னால் தகரக் கூரைமேல் கல் ஏற்றவேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு ஒரு முருகா சொல்லி ஏணியில் ஏறினாள்.

"வேகமா ஏறுட்டி, என் கை கடுக்குது" என்று கீழே ஏணியைப் பிடித்திருந்த லில்லிபாய் கத்தினாள். "நீ விழுந்தா எம்மேலதான் விழுவ."

"பேசாம பிடி. பேசினா எனக்குக் கால் நடுங்குது."

ஒவ்வொரு கல்லாகத் தகரத்தின் மேற்கு விளிம்பில் வரிசையாக வைத்தாள். மேற்கு விளிம்பில்தான் வைக்கவேண்டும். ஆடிக் காற்று அங்கே மேற்கிலிருந்துதான் வரும்.